பினியாஸைக் கூட்டிப்போக வருகிறார்கள்

— மறுபடியுமா? இப்பத்தானே புள்ள, என் கையில பட்டையைச் சுத்திக் காத்தடிச்ச. அதுக்குள்ள என் ரத்தம் எங்க ஓடிப்போயிருக்கும்?

— சும்மா இருங்க பினியாஸ் மாமா. பேசினா பிரஷர் ஏறும்.

— நீ வந்த நேரத்தைப் பாத்தே ஏறிப்போச்சு. மத்த நாள்ல உச்சி வெயில்ல வருவ, சோத்துப் பொட்டியைப் படியில வெப்ப, ‘மாமா சாப்பாடு’ன்னு ஒரு கத்து கத்திட்டு வண்டியை எடுத்துட்டுப் பறந்துருவ. இன்னைக்கு விடிஞ்சதும் வந்து நிக்கிற. குளிப்பாட்டுற, சவரம் பண்ற. தாடையில கீறி வேற வெச்சிருக்க.

— கை வழுக்கிருச்சு மாமா. எரியுதா?

— வாரத்துக்கு ஒரு தடவைன்னு பத்து வருஷமா எனக்குச் சவரம் பண்றவ. இன்னைக்குத்தான் கை வழுக்குதாக்கும். என்னம்மா டலாசா, என்ன விஷயம்?

— ஒண்ணுமில்ல மாமா. ஆபீஸ்ல இன்னைக்கு உங்களை மட்டும் பாத்துக்கச் சொன்னாங்க.

— என்னை மட்டுமா? இந்தத் தீவுல நீங்க பாத்துக்கிற கிழடு பதினாறு இருக்கு. மிச்சப் பேரெல்லாம் பட்டினியா கிடக்கணுமா?

— அவங்களுக்கு வேற ஆள் போகும். இந்தாங்க, மீனைச் சாப்பிடுங்க. முள்ளெல்லாம் எடுத்துட்டேன்.

— அதான் கேக்குறேன். போனது எனக்கு ஒரு காலு. பல்லு அப்படியே இருக்கு. முள்ளை எடுத்துக் குடுக்கிறது ரெண்டு பேருக்குத்தான். ஒண்ணு குழந்தைக்கு, இன்னொண்ணு தூக்குல போடப்போறவனுக்கு.

— ஐயோ, காலங்காத்தால என்ன பேச்சு மாமா இது! கொஞ்சமாவது சாப்பிடுங்க. மாத்திரை போடணும்ல.

— விடியறப்ப ஹெலிகாப்டர் வந்துச்சே. கண்ணுதான் எனக்கு மங்கல், காதுக்கு ஒரு குறையும் இல்ல. எனக்குத்தானே வந்தது?

— உங்களுக்கு இல்ல மாமா. சத்தியமா.

— பின்ன யாருக்கு? எறங்கவே இல்லையே. கடல் மேலயே சுத்திச் சுத்திப் போச்சு. காத்து விட்டிருக்காது. வடமேற்குக் காத்து எங்க பரம்பரைக்கே சொந்தம் புள்ள, அதுதான் எறங்க விடாம துரத்திருக்கும். இப்ப மறுபடி வரும். அப்படித்தானே?

— தண்ணி குடிங்க.

— ராத்திரி முழுக்க டிங்கிப் படகுங்க போறதும் வர்றதுமா இருந்துச்சு. சைலஸ் படகும் போச்சு, அந்த இன்ஜினுக்கு இருமல் வியாதி, எனக்குத் தெரியாதா? இந்தக் காத்துல எவன் மீன் பிடிக்கப் போவான்?

— காத்து நிக்கும்னு நெனச்சுப் போயிருப்பாங்க.

— சைலஸ் பயலாவது ஒரு சொல் சொல்லிட்டுப் போயிருக்கலாம். என் மகன் பொண்டாட்டி மொரியாவுக்கு அண்ணன்னு பேரு, ஆனா அவ தங்கம், இவன் தகரம். நாலு வீடு தள்ளி வரும்போதே ‘ஏ ஒத்தக்கால் கிழவா, இன்னும் சாகலையா’ன்னு தெரு முழுக்கக் கேக்கக் கத்துவான். அதைக் கேட்டாத்தான் எனக்குச் சோறு எறங்கும். நேத்து சாயங்காலத்துலேர்ந்து அவன் சத்தமே இல்ல.

— வருவார் மாமா.

— என்ன குரல் இது? உப்பில்லாத கஞ்சி மாதிரி. ஏ புள்ள, மூஞ்சியை இப்படிக் காட்டு. அழுதியா?

— வெங்காயம் நறுக்கினேன்.

— மீன்ல வெங்காயமே இல்லையே.

— மாமா, சட்டை மாத்திக்கலாம். கையைத் தூக்குங்க.

— எனக்கு அந்தப் பூப்போட்ட சட்டையைக் குடு. துக்கம் முடிச்சு எங்க அண்ணன் கல்லறைக்குக் கல்லு திறந்த விருந்துக்குத் தெச்சது. வர்றவங்க முன்னாடி கெத்தா உக்காரணும்.

— அது வேண்டாம் மாமா. இது போதும். இந்த வெள்ளை.

— சரி, புரிஞ்சு போச்சு. எனக்கு எல்லாம் புரிஞ்சு போச்சு டலாசா. என்னை டி.ஐ. தீவுக்கு அனுப்புறீங்க. அந்த முதியோர் இல்லத்துக்கு.

— இல்ல மாமா!

— போன மாசம் பை தூக்கிட்டு ஒரு பொம்பள வந்தாளே, இந்த நாற்காலியிலதானே உக்காந்தா? ‘ராத்திரியில உங்க கூட யார் இருக்காங்க’ன்னு கேட்டா. என் மகன் கெமுயல் இருக்கான்னேன். மருமகளும் பேரப்பிள்ளைங்களும் படிப்புக்காக கெய்ர்ன்ஸ் டவுன்ல இருந்தாலும் அவன் என்னை விட்டுப் போகலைன்னேன். ‘அவரு கடலுக்குப் போயிட்டா?’ன்னா. போனா திரும்பி வருவான், அதுக்குப் பேருதான் கடலுக்குப் போறதுன்னேன். ‘அவரு இருக்கிற வரைக்கும் நீங்க வீட்ல இருக்கலாம்’னு சொல்லிட்டுப் போனா.

— அவங்க இன்னைக்கு வரலை மாமா.

— நான் அங்க போக மாட்டேன். சொல்லிட்டேன். ரெண்டு வாரம் ஓய்வுன்னு சொல்லி ஒரு தடவை அனுப்பினீங்களே, மறந்துட்டியா? ஜன்னலைத் திறக்க விடல. குளிர் மெஷினைப் போட்டு என்னை மீன் மாதிரி வெச்சிருந்தாங்க. மூணு வேளையும் மசிச்ச உருளைக்கிழங்கு. கடல் எந்தப் பக்கம்னு தெரியாம திக்குத் தெரியாத தூக்கம். நம்ம ஒபதியா போனானே, நடந்து போனான். எப்படித் திரும்பினான்?

— தெரியும் மாமா.

— பொட்டியில. பிளேன்ல மூட்டை முடிச்சுகளோட வந்தான். நான் இங்க, கெமுயல் கட்டின வீட்ல, கெமுயல் மடியில சாகணும். அவ்வளவுதான் கேக்குறேன். பெரிய ஆசையா இது?

— இல்ல மாமா. பெரிய ஆசை இல்ல.

— அப்ப ரேடியோவைக் கொண்டா. கடல்ல இருக்கிறவனைக் கூப்பிட்டுச் சொல்றேன். வந்து ரெண்டு வார்த்தை பேசினான்னா எல்லாரும் வாலைச் சுருட்டிக்கிட்டுப் போவாங்க.

— ரேடியோவுல பேட்டரி போச்சு.

— முந்தாநேத்துத்தான் புதுசு போட்டான். இங்க என் பக்கத்துல இருந்ததை எதுக்கு உள்ள கொண்டுபோய் வெச்ச?

— சார்ஜ் போட்டிருக்கேன்.

— சார்ஜ் போட்டிருக்க, பேட்டரியும் போச்சு. பொய் சொல்றதுக்கும் ஒரு படிப்பு வேணும் புள்ள. பள்ளிக்கூடத்துல நீயும் கெமுயலும் ஒரே பெஞ்சு. அவனுக்கும் பொய் சொல்ல வராது. நேத்து சாயங்காலம் அவன் கூப்பிடலை, அதுக்கே எனக்கு மனசு ஒரு மாதிரி இருந்துச்சு. சிங்கி எறா பிடிக்க அந்தப் பெரிய பாறைக்கு அந்தாண்ட போனா ரேடியோ எட்டாதுன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். எட்டாதுல்ல?

— ...எட்டாது மாமா.

— ஆமா, எட்டாது. போகும்போது சொன்னான், ‘அப்பா, நல்ல ஆமை கிடைச்சா கொண்டாறேன். நீ சட்டியைக் கழுவி வை’ன்னு. ஒத்தக் காலோட நான் சட்டி கழுவணுமாம். கொழுப்பைப் பாத்தியா?

— மாமா, கொஞ்சம் நாற்காலியை இந்தப் பக்கம் திருப்புறேன். அத்தைங்க எல்லாம் உக்காரணும்.

— எந்த அத்தைங்க? எதுக்குப் பாயை விரிக்கிற? இத்தனை நாற்காலி ஏது, சர்ச்சு நாற்காலி மாதிரி இருக்கு? யாரது உள்ள மூக்கை உறிஞ்சுறது?

— எப்சிபா அத்தை.

— என் தங்கச்சியா? ஏ எப்சிபா! அண்ணன் இங்க உக்காந்திருக்கேன், சமையக்கட்டுல ஒளிஞ்சுக்கிட்டு என்ன பண்ற? ...பாத்தியா, எட்டிக்கூடப் பாக்கல. அவளும் சேந்துட்டாளா உங்களோட? கூடப் பொறந்தவளே வழியனுப்ப வந்துட்டா!

— அவங்களைத் திட்டாதீங்க மாமா. உங்க கூட இருக்கத்தான் வந்திருக்காங்க.

— அப்ப நீ சொல்லு. மூடி மறைக்காம மூஞ்சிக்கு நேரா சொல்லு. என்னை அனுப்பறீங்களா இல்லையா?

— என்னால சொல்ல முடியாது மாமா. அது என் வாயால வரக்கூடாது.

— அடேயப்பா! பெரிய மனுஷங்க வந்துதான் சொல்லணுமோ? எங்க அண்ணன் செத்த சேதிகூட இவ்வளவு முறையா வரல. உனக்குத் தெரியும்ல அந்தக் கூத்து?

— தெரியும். இப்ப அது வேண்டாமே மாமா.

— ஏன் வேண்டாம், நல்ல கதைதானே? ஆம்பளை செத்தா பொண்டாட்டியோட அண்ணன் தம்பிங்கதான் சேதி சொல்லணும். குளிச்சு, துவைச்ச சட்டை போட்டு, மூத்தவன் முன்னால, மத்தவன் பின்னால, வழியில யாரோடயும் வாய் திறக்காம வரணும். அவங்க வர்ற வரைக்கும் வேற எவனும் மூச்சு விடக்கூடாது. எங்க அண்ணிக்குத் தம்பிங்க மூணு பேரு, மூணு பேரும் சட்டை துவைச்சுக் காயப் போட்டுட்டு நிக்கிறானுங்க. அதுக்குள்ள ஆஸ்பத்திரியிலேர்ந்து எவளோ ஒரு சின்னப் பொண்ணு போனைப் போட்டு, ‘மிஸ்டர் பினியாஸ், சாரி, உங்க பிரதர் போயிட்டாரு’ன்னுட்டா. நான் சட்டியும் கரண்டியுமா அப்படியே நின்னேன். பிடிச்சுக்கக்கூட பக்கத்துல ஆள் இல்ல.

— அதுலேர்ந்துதான் மாமா ஆபீஸ்ல எங்க வாயைத் தைச்சு வெச்சது. என்ன நடந்தாலும் நாங்க சொல்லக் கூடாது. ஆளைத் தனியா விடவும் கூடாது.

— அண்ணி தம்பிங்க கல்லு திறக்கிற வரைக்கும் என்னோட பேசலையே! ‘எங்க கடமையைப் போன் தின்னுடுச்சு’ன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டானுங்க. கெமுயல்தான் நடுவுல போய்... நீ எதுக்கு இப்ப அந்தப் பக்கம் திரும்பிக்கிற?

— ஒண்ணுமில்ல.

— உன் ஒண்ணுமில்லையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு புள்ள. வெளிய ஏன் இப்படி இருக்கு? பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க சத்தம் எங்க?

— லீவு விட்டுட்டாங்க.

— இன்னைக்கா? எதுக்கு?

— மாமா, என் கையைப் பிடிச்சுக்கங்க.

— என்னத்துக்கு? உன் கை ஐஸ் மாதிரி இருக்கு. அங்க பாரு, தெருக்கோடியில ஆள் வருது. வெள்ளை வெள்ளையா தெரியுது. மூணு பேரா, நாலா?

— ...நாலு பேரு.

— ஆபீஸ்காரங்கன்னா நீலச் சட்டை. இவங்க யாரு? பிளேன்காரங்களா? ஒருத்தனைத் தூக்க நாலு பேரா! நான் என்ன அத்தனை கனமா?

— மாமா, நான் இங்கயேதான் இருக்கேன். எங்கயும் போகலை.

— கெமுயல் வர்ற வரைக்கும் அவங்களை நிறுத்தி வை. கேட்டியா? இன்னைக்குச் சாயங்காலம் வந்துருவான். அவன் வந்து ‘சரி’ன்னு சொன்னா நான் யோசிக்கிறேன்னு சொல்லு. ஏ புள்ள, எதுக்குத் தேம்புற? நான்தானே போறேன், நீயா போற?

— ஐயோ மாமா... எனக்குத் தாங்கலையே...

— இரு, இரு. முன்னால வர்றவன் இடது பக்கமா சாயுறான். ஒரு அடி நேரா, ஒரு அடி சாஞ்சு. கொடுவா மீன் முள்ளு ஏறின காலு. அந்த நடை எனக்குத் தெரியும். அது சைலஸ்.

— ஆமா மாமா.

— பின்னால வர்றது அவன் தம்பிங்க. சைலஸ் எதுக்கு வெள்ளைச் சட்டை போட்டிருக்கான்? அவன்கிட்ட வெள்ளைச் சட்டை ஏது? ஏ சைலஸ்! ஏ தகரம்! இங்க இருக்கேன்டா, இன்னும் சாகலை!

— மாமா, கத்தாதீங்க...

— கேக்கலையா அவனுக்கு? சைலஸ்! ஒரு கெட்ட வார்த்தையாவது சொல்லுடா! ...ஏன் பேச மாட்டேங்குறான்? நாலு பேரும் ஏன் வாயைத் திறக்க மாட்டேங்குறானுங்க?

— எப்சிபா அத்தை, வாங்க, இந்தப் பக்கம் பிடிச்சுக்கங்க...

— எப்சிபா, விடு. விடுங்க என்னை. டலாசா, போய்க் கதவைச் சாத்து.

— முடியாது மாமா. அவங்க படிக்கு வந்துட்டாங்க.

— அங்கயே நிக்கச் சொல்லு! நான் போறேன்னு சொல்லு. அந்த இல்லத்துக்கே போறேன். என் மூட்டையைக் கட்டு, பிளேனைக் கூப்பிடு, ஜன்னலே இல்லாத அறையா குடுக்கச் சொல்லு, சாகுற வரைக்கும் அங்கயே கிடக்கேன். சைலஸை மட்டும் படியேற விடாதம்மா.