வடக்குச் சுவரின் துவாரம்

குளிர்நாட்டு டிசம்பர் மாதம். சாயங்காலம் நாலரை... அதற்குள் கும்மிருட்டு. கல்லறைகளை ஒட்டிய பாதையில் ஓர் ஆள் தனியாக நடக்கிறார். பையில் தேவாலயத்தின் சாவி.

என் நண்பன் நெவிலின் மாமா அவர். பெயர் வில்ஃப். முப்பத்தோரு வருடமாக அந்தக் கோயிலைத் திறந்து பூட்டியவர். ஞாயிறன்று சாவியைப் பிடுங்கிக்கொள்ளப் போகிறார்கள். திருட்டுப் பட்டம்.

அக்டோபரில் பலிபீடத்தருகே வடக்குச் சுவரின் பூச்சை உரித்தபோது ஒரு துவாரம் வெளிப்பட்டது. அறுநூறு வருடத்துக்கு முன், ஆயுசு முழுக்க ஜெபம் செய்ய, சுவருக்கு வெளியே ஒரு சிற்றறையில் உயிரோடு தன்னை அடைத்துக்கொண்டாளாம் ஒருத்தி. பூசையில் தரும் நற்கருணை அப்பத்தை அந்தத் துவாரம் வழியாகத்தான் வாங்குவாளாம். அறையை எப்போதோ இடித்துவிட்டார்கள். துவாரத்தின் வெளிவாயையும் சக்கிமுக்கிக் கல்லால் அடைத்துவிட்டார்கள்.

பூச்சு உரிந்த வாரத்திலிருந்து, பலிபீடத்து டப்பாவில் தினம் ஓர் அப்பம் குறைந்தது. சாவி இருவரிடம்தான். மாமா, நிர்வாகி மிஸஸ் பிங்கம்.

“பசிச்சா வீட்டுக்கு வாங்க வில்ஃப், சூப் தரேன். சாமி டப்பாவுல கை வைக்காதீங்க,” என்றார் அந்த அம்மாள், எல்லோர் முன்னாலும்.

மாமாவுக்கு அவர்மேல்தான் சந்தேகம். மாமாவின் வேலையைத் தன் மருமகனுக்கு வாங்கித் தரப் பார்க்கிறார் என்று.

கையும் களவுமாகப் பிடிக்கத்தான் அந்த டிசம்பர் சாயங்காலம் மாமா உள்ளே போய்த் தாழிட்டார். விளக்குப் போடவில்லை. ஈரச் சுண்ணாம்பு வாசனை... பாடகர் பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

“நெனச்சேன், நீங்கதான்னு!” மிஸஸ் பிங்கம். அவரும் பிடிக்க வந்திருந்தார்.

“அதை நான் சொல்லணும். டப்பாவைத் தொட்டீங்களா?”

“என் ரெண்டு கையும் மடியில இருக்கு.”

டிக். டப்பாவின் மூடி.

சுவருக்குள்ளிருந்து... மொறுக். மொறுக்.

“எலிதான்,” என்று மாமா துவாரத்தில் கையை விட்டார். முழங்கை வரை... தோள் வரை. கல் தட்ட வேண்டும். தட்டவில்லை. உள்ளங்கையில் அரை அப்பம் வந்து விழுந்தது, ஈரமாக. பிறகு சில்லென்ற விரல்கள் அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடின.

மறுநாள் சாவியை மிஸஸ் பிங்கம் வாசலில் வைத்துவிட்டு வந்தார் மாமா. சாயங்காலம் இரண்டு சாவியும் மாமா வாசலில் கிடந்தன. கூடவே ஒரு சீட்டு: “நீங்க திருடல வில்ஃப். எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். தயவுசெஞ்சு நீங்களே வெச்சுக்கங்க.”

இரண்டும் இப்போது வெளி மண்டபத்து ஆணியில் தொங்குகின்றன. கோயிலை யாரும் பூட்டுவதில்லை. ஆனாலும் விடிந்து போனால் கதவு உள்ளே தாழிட்டிருக்கும். தட்ட வேண்டும். கொஞ்ச நேரம் பொறுக்க வேண்டும்...

தாழ் விலகும்.