வயிற்றுக்குள் காத்து

எக்ஸ்ரே படத்தைக் காயவைக்கும்போது அவசரப்படக் கூடாது ஐயா. ஈரத்தில் விரல் பட்டால் தடம் விழுந்துவிடும். போடியில் டாக்டர் ராஜாராமிடம் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து என் கையால் ஒரு படமும் கெட்டதில்லை. அண்ணனின் படமும் சுத்தமாகத்தான் வந்தது.

அண்ணன் பெயர் சோலைமலை. குரங்கணிக்கு மேலே அவருக்கு ஏலத்தோட்டம். கழுத்திலும் வயிற்றிலும் கட்டிகள் கிளம்பின. மதராசில் நரம்பு வழியாகப் புது மருந்து ஏற்றினார்கள். கூட்டிப்போனதும், கூடவே இருந்ததும், டாக்டர்கள் சொன்னதை வீட்டாருக்கு விளக்கியதும் நான்தான். அதற்குமுன் அந்த வீட்டில் என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. அந்த மாதங்களில் ஆத்தா எனக்குத்தான் முதலில் சோறு வைத்தாள். தோட்டத்து ஆட்கள் என் முன்னால் வந்து நின்றார்கள்.

மருந்து வேலை செய்தது. தைக்கு மலையேறிவிடுவேன் என்று அண்ணன் சொல்ல ஆரம்பித்தார். தோட்டத்து ஆட்கள் மறுபடியும் அவர் முன்னால் போய் நின்றார்கள். கட்டி கரையும்போது குடலில் ஓட்டை விழலாம் என்று மட்டும் மதராசில் எச்சரித்திருந்தார்கள்.

ஒரு காலையில் வயிறு பலகையாக இறுகிப்போன அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்தார்கள். டாக்டர் பக்கத்து ஊருக்குப் பிரசவம் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"உக்கிரபாண்டி, நிக்க வச்சுப் படம் எடு. ஈரலுக்கு மேல பிறை மாதிரி கறுப்பாக் காத்து தெரிஞ்சா குடல் ஓட்டை. எனக்காகக் காத்திருக்க வேணாம், வண்டியில ஏத்தி மதுரைக்கு அனுப்பிரு. அறுத்துத் தைச்சாப் பொழச்சுக்குவாரு."

நிற்க வைத்தேன். அந்த வலியிலும் அண்ணன், "என்னடா போட்டோக்காரா, பவுடர் கிவுடர் போட்டுட்டு வரவா?" என்றார். வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் என்னை எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவார்.

பிறை தெரிந்தது.

"என்னப்பா இருக்கு படத்துல?" என்று ஆத்தா கேட்டாள்.

"வயித்துக்குள்ள காத்து இருக்கு ஆத்தா."

டாக்டர் சொன்ன சொல்லைத்தான் சொன்னேன். எங்கள் பக்கத்தில் பேய்க்கும் அதே பெயர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

"நான் அப்பவே நெனச்சேன். உச்சிப்பொழுதுல சுடுகாட்டுப் பாதையில வராதடான்னா கேட்டானா! ஏ சீனிச்சாமி, வெரசா மாட்டைப் பூட்டு. கோடாங்கிகிட்டக் கொண்டுபோவோம்."

சீனிச்சாமி எங்கள் தாய்மாமன். அவர் வண்டியைப் பூட்டினார். நான் வைக்கோலைப் பரப்பி, அண்ணனின் காலைப் பிடித்து வலிக்காமல் ஏற்றினேன். பெரியவர்கள் நம்பிக்கையில் குறுக்கே பேசுவது என் வழக்கமில்லை.

டாக்டர் திரும்பி வந்து, "வண்டியில ஏத்தியாச்சா?" என்றார். "ஏத்தியாச்சுங்க" என்றேன். அதுவும் உண்மைதான்.

கோடாங்கி விடியும்வரை உடுக்கடித்து, வேப்பிலையால் வயிற்றில் அடித்தாராம். மறுநாள் அண்ணன் இறந்துபோனார்.

நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை என்றுதான் முதல் வாக்குமூலத்தில் எழுதிக்கொடுத்தேன். ஒன்று விட்டுப்போயிற்று. வண்டி நகரும்போது அண்ணன் மனைவி செல்லத்தாய் இறங்கி என்னிடம் வந்தாள்.

"தம்பி, இது பேய்க்காத்தா, சீக்குக்காத்தா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. யார் தடுத்தாலும் ரயிலடிக்குத் திருப்பி மதுரைக்குக் கொண்டுபோயிருவேன்."

அந்த வீட்டில் என்னை நம்பி யாரும் அப்படிக் கேட்டதில்லை ஐயா.

"கோடாங்கிகிட்டயே போங்க மதினி" என்றேன்.