முதல் கியரில் நின்ற வண்டி

விபத்தைப் பற்றிய உங்கள் அறிக்கையை முழுக்கப் படித்துப் பார்த்தேன், சார். நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். நான்காம் பக்கத்தில் ஒரு வரியைத்தான் மாற்ற வேண்டும். 'கிளட்ச் ஸ்விட்சின் இரண்டு கம்பிகள் ஒன்றாக இணைக்கப்பட்டிருந்தன; இது கியர்பாக்ஸை மாற்றியவரின் கவனக்குறைவு' என்று போட்டிருக்கிறீர்கள். மாற்றியவன் நான். போர்ட்டர்வில்லில் இருபத்தாறு வருஷமாகக் கியர்பாக்ஸ் வேலை பார்க்கிறேன். வெர்ன் ஸ்டாலி கவனமில்லாமல் வேலை செய்தான் என்று இந்த ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. அந்த வரி இருக்கும்வரை என்னால் கையெழுத்துப் போட முடியாது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிப்ரவரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை, என் மனைவி ஜோலின் சமையலறையில் நின்றபடி ஒரெகனில் இருக்கும் அவள் அக்கா டார்லாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "மே கடைசியில வந்துடறேன்க்கா. என் வண்டி இருக்கு, நானே ஓட்டிக்கிட்டு வந்துடுவேன். அவருக்கு அங்கேருந்து லெட்டர் போட்டுக்கலாம்" என்றாள். நான் பின்கதவருகே பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன். திரும்ப மாட்டிக்கொண்டு வெளியே போனேன். கொஞ்சம் சத்தம் காட்டி மறுபடியும் உள்ளே வந்தேன். அவள் போனை வைத்திருந்தாள். வானிலை பற்றிப் பேசினோம்.

நான் சத்தம் போடுகிற ஆள் இல்லை. அவள்மேல் கை வைத்ததும் இல்லை. யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

மார்ச்சில் அவளுக்குப் பித்தப்பை ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தாள். அந்த நான்கு நாளில் அவள் வண்டியிலிருந்து ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை இறக்கிவிட்டு, கிளட்ச் வைத்த கியர்பாக்ஸை ஏற்றினேன். தனி ஆளாகச் செய்தேன். பெடல்கள், ஆக்சில், கியர் கம்பி எதுவும் ஒரு மயிரிழை கோணலில்லை. கிளட்ச் ஸ்விட்சும் அன்றைக்கு ஒழுங்காகத்தான் வைத்தேன். கிளட்சை மிதிக்காமல் சாவியைத் திருப்பினால் வண்டி சும்மா கிடக்கும். பழைய கியர்பாக்ஸ் வழுக்க ஆரம்பித்துவிட்டது என்று அவளிடம் சொன்னேன். அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, தையல் போட்ட இடத்தைக் கையால் பிடித்துக்கொண்டு, நடுவில் நின்ற கியர் கம்பியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜோலினுக்குக் கிளட்ச் என்றாலே ஆகாது. பதினாறு வயதில் அவள் அப்பா பிக்கப் வண்டியில் கற்றுக்கொடுக்கிறேன் என்று கூட்டிப்போய், ஆரஞ்சுத் தோப்பு நடுவே திட்டித் தீர்த்து இறக்கிவிட்டார். வீட்டுக்கு அழுதுகொண்டே நடந்து வந்தாளாம். கல்யாணமான புதிதில் என்னிடம் மட்டும் சொன்ன கதை அது.

மே முப்பத்தொன்றோடு வண்டியின் பதிவு முடிகிறது. புகைச் சோதனையில் தேறாமல் புதுப்பிக்க முடியாது. ஏப்ரலில் நானே வண்டியை எஃப்ரேன் கிண்டானாவிடம் கொண்டுபோனேன். அவனுடைய சோதனை நிலையம் என் பட்டறைக்கு நேர் எதிரே. எஞ்சின் கம்ப்யூட்டர் மட்டும் ஆட்டோமேட்டிக்குக்கு உரியதாகவே இருந்தது. இல்லாத கியர்பாக்ஸை அது தேடிக்கொண்டே இருக்கும். கிடைக்காததால் எச்சரிக்கை விளக்கை எரியவிடும். விளக்கு எரிந்தால் வண்டி தேறாது. தேறவில்லை.

எஃப்ரேன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "என்ன பாஸ், நீங்களா இப்படி? கம்ப்யூட்டர மாத்தலியே. இது உங்க தூக்கத்துலகூடத் தெரியுமே" என்றான். மறந்துவிட்டேன், நேரம் கிடைக்கும்போது பார்க்கிறேன் என்றேன். வண்டியை வீட்டு முன்னால் நிறுத்தி, சாவியைக் கதவோரத்து ஆணியில் மாட்டினேன். எப்போதும் அதன் இடம் அதுதான்.

இரண்டு வாரம் கழித்து ஜோலின் மூன்று மைல் நடந்து எஃப்ரேனிடம் போயிருக்கிறாள். அவன் விசாலியாவில் பழைய வண்டி உடைக்கிற இடத்தில் தேடி, சரியான கம்ப்யூட்டரை எடுத்துவந்து மாட்டிக்கொடுத்தான். விளக்கு அணைந்தது. இதை அவள் இரவுச் சாப்பாட்டில், உருளைக்கிழங்கை என் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னாள். புதுக் கம்ப்யூட்டர் தன்னைத் தானே சரிபார்த்து முடிக்க நூறு மைலாவது ஓட வேண்டும், நீங்கள் ஓட்டித் தருவீர்களா என்று கேட்டாள். வேலை நிறைய இருக்கிறது என்றேன்.

அந்த வாரம் எஃப்ரேன் ஒரு பேரிங் வாங்க என் பட்டறைக்கு வந்தான். மூலையில் தார்ப்பாய் போட்டு வைத்திருந்த பழைய ஆட்டோமேட்டிக்கைப் பார்த்துவிட்டான். கேட்காமலே குனிந்து எண்ணெயை விரலில் தொட்டு மோந்தான். கருகின வாசம் இல்லை. புதிது போலச் சிவப்பாக இருந்தது.

"இதுக்கு ஒரு கேடும் இல்லியே, பாஸ்" என்றான்.

நான் பேரிங்கைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். அவன் அதற்கப்புறம் என்னோடு சிரித்துப் பேசவில்லை. ஜோலினும் அன்றிலிருந்து என்னிடம் எதுவும் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

மறுநாளிலிருந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள, அவள் ஓட்டினாள். முதலில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த காலி மனையில். பிறகு தோப்புச் சாலைகளில். அவர்கள் மனையிலிருந்து கிளம்புவது என் பட்டறை ஜன்னலில் தெரியும், பேசுவதும் கேட்கும். அவள் சாவியைத் திருப்புவாள், வண்டி சத்தமே போடாது. "மேடம், வண்டி கோவிச்சுக்கிட்டிருக்கு. இடது காலைக் குடுங்க, பேசும்" என்பான் எஃப்ரேன். அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நான் பல வருஷமாகக் கேட்டதில்லை. சாலையில் அவள் தேறிவிட்டாள். கிளப்பும்போது மட்டும் இருபது வருஷத்து ஆட்டோமேட்டிக் பழக்கம் விடவில்லை. நான் எண்ணிப் பார்த்தேன்: பத்துக்கு ஏழு தடவை கிளட்சை மறந்துதான் சாவியைத் திருப்பினாள்.

ஒன்பதாவது நாள், சனிக்கிழமை, நூறு மைல் முடிந்தது. செவ்வாய் காலை பத்து மணிக்குச் சோதனை.

ஞாயிறு அவள் சர்ச்சுக்குப் போயிருந்தபோது ஸ்விட்சின் இரண்டு கம்பிகளையும் உரித்து, முறுக்கி, ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். மேலே கறுப்பு உறை போட்டுச் சூடு காட்டிச் சுருக்கினேன். இனி கிளட்சை மிதிக்காமல் சாவியைத் திருப்பினாலும் வண்டி கிளம்பும்; கியரில் நின்றால் முன்னால் பாயும். உங்கள் ஆட்கள் அதைப் படம் எடுத்திருக்கிறார்கள். உற்றுப் பாருங்கள், தொழிற்சாலையில் செய்தது மாதிரி இருக்கும். அதைத்தான் நீங்கள் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். கைப்பிரேக்கையும் நான்கு சுற்றுத் தளர்த்தினேன். அது உங்கள் அறிக்கையில் இல்லை. சேர்த்துக்கொள்ளுங்கள்.

திங்கள் மதியம் எஃப்ரேனிடம் ஒரு ஸ்பேனர் இரவல் கேட்கப் போனேன். சோதனை மேடையில் வண்டியின் மூக்கு நிற்கும் இடத்துக்கும் சுவரோரத்து இரும்பு அலமாரிக்கும் நடுவே என் காலால் இரண்டடி. அவன் கொஞ்சம் தடித்த ஆள்.

அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. சோதனை முடிந்து தேறின வண்டியைச் சும்மா அனுப்ப மாட்டான். பானெட்டைத் திறந்து, குனிந்து, எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டுவிட்டுத்தான் அனுப்புவான். விரல் முட்டியால் வண்டியை இரண்டு தட்டு தட்டுவான். கிளப்பலாம் என்று அர்த்தம். பதினோரு வருஷமாக எதிரிலிருந்து பார்க்கிறேன், ஒரு வண்டிக்கும் அவன் இதைத் தவறவிட்டதில்லை.

செவ்வாய் காலை நானே வண்டியைக் கிளப்பிச் சூடேற்றி, எஞ்சினை அணைக்காமல் வாசலில் நிறுத்தினேன். அவள் அங்கேயே சாவியைத் திருப்பிப் பார்த்துவிடக் கூடாது. ஓடிக்கொண்டிருந்த வண்டியில் ஏறி உட்கார்ந்து, "ரொம்ப தேங்க்ஸ், வெர்ன்" என்றாள். நிஜமாகவே சொன்னாள். பின்சீட்டில் அவளுடைய நீலப் பெட்டி இருந்தது. அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவில்லை.

பட்டறைக்குப் போய் ஜன்னலருகே காபியோடு நின்றேன். சோதனைக்கு எஃப்ரேன்தான் உள்ளே உட்கார்ந்து கிளப்பினான். அவன் கிளட்சை மிதிக்காமல் எந்த வண்டியையும் கிளப்புகிறவன் இல்லை, அதனால் ஸ்விட்ச் விஷயம் அவனுக்குத் தெரிய வழியில்லை. முடிந்ததும் அணைத்துவிட்டு, கைப்பிரேக் பிடிக்காததைப் பார்த்து, வண்டி உருளாமலிருக்க முதல் கியரில் போட்டுவிட்டு இறங்கினான். கியரில் விட்டவன் அவன்தான். அதில் என் கை இல்லை என்பதையும் எழுத வேண்டும்.

மெஷினிலிருந்து காகிதம் வந்தது. அவன் அதைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினான். ஜோலின் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏறுங்க மேடம், அக்கா வீட்ல சாப்பாடு ஆறிடப் போவுது" என்று அவன் சொன்னது சாலையைத் தாண்டிக் கேட்டது. அவள் ஏறினாள். அவன் முன்னால் வந்து பானெட்டுக்குள் குனிந்தான்.

அவளுக்கு ஞாபகம் வந்திருக்கலாம். பத்துக்கு மூன்று தடவை வந்ததுதானே. அப்படி இடது காலை வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது, நானும் காபியைக் குடித்துவிட்டு வேலைக்குத் திரும்பியிருப்பேன். அந்த அளவுக்கு நான் அவளுக்கு வாய்ப்பு விட்டிருந்தேன்.

எஃப்ரேன் இரண்டு தட்டு தட்டினான்.

அதற்குப் பிறகு நடந்தது உங்கள் அறிக்கையில் சரியாக இருக்கிறது. நீங்கள் எழுதியதுபோல நான்தான் முதலில் ஓடிப்போனேன், நான்தான் வண்டியைப் பின்னால் தள்ளினேன், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் நான்தான். ஜோலினைத் தோளில் சாய்த்துக்கொண்டேன். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் கொன்னேன், வெர்ன், நான்தான் கொன்னேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் மறுத்துப் பேசவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போனேன். நீலப் பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கினேன்.

ஆகவே 'கவனக்குறைவு' என்ற இடத்தில் 'வேண்டுமென்றே' என்று போடுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

ஜோலினைப் பற்றிக் கேட்டீர்கள். சமையலறை நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். போன வாரம் வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். புதுப் பதிவு ஸ்டிக்கரும் தபாலில் வந்துவிட்டது. நானே ஒட்டினேன். சாவி அதே ஆணியில் தொங்குகிறது. அவள் அந்தப் பக்கம் பார்ப்பதுகூட இல்லை. அது அவள் இஷ்டம். போகாதே என்று இன்றுவரை நான் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை, சார். அதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.