என் பங்கு தொட்டி கழுவுவது

தொட்டி கழுவுவதில் எங்கள் சபையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது, ஐயா. ஞானஸ்நானத் தொட்டியில் ஒரு பொட்டுப் பாசி இருந்தாலும் எனக்குத் தூக்கம் வராது. உதவிப் போதகர் என்ற பட்டத்தோடு வருடக்கணக்காக நான் செய்த ஊழியம் தொட்டி கழுவுவது, நாற்காலி போடுவது, மைக்கைப் பார்த்துக்கொள்வது. பிரசங்கம் அத்தானுடையது. அத்தான் என்றால் என் அக்காவின் கணவர், எங்கள் தலைமைப் போதகர். இப்போது காலஞ்சென்றவர்.

அத்தான் கிருபையைப் பற்றிப் பேசினால் கல்லும் கரையும். விதைப்பது மட்டும்தான் நம் வேலை, விளைவு ஆண்டவர் கையில் என்பார். சபையில் கூட்டம் பெருகினால் மட்டும் அந்த விளைவு எப்படியோ அத்தான் கைக்கு வந்துவிடும். கூரை ஒழுகினால் மறுபடியும் ஆண்டவர் கைக்கே போய்விடும். எனக்கோ எதற்கெடுத்தாலும் மனசு அடித்துக்கொள்ளும். சபைக்கு வருவதை நிறுத்திவிட்ட ஒரு பெரியவரை நினைத்து நான் சாப்பிடாமல் கிடந்தபோது, விசுவாசிகள் முன்னால் வைத்தே அத்தான் சிரித்தார். "உனக்குக் கிருபைன்னா என்னன்னே புரியலடா. எல்லாத்தையும் உன் தலையில தூக்கி வச்சுக்கிற."

புரிய எனக்கு நாளானது. ஆனால் நன்றாகவே புரிந்தது.

சனிக்கிழமை எலக்ட்ரீஷியன் வந்து ஆம்ப்ளிஃபயரைத் திறந்து பார்த்தார். மைக்கில் மின்சாரம் கசிகிறது என்றார். "காஞ்ச தரையில நின்னா சுருக்குன்னு இருக்கும், அவ்ளோதான். தண்ணில நிக்கிறவர் கையில மட்டும் குடுத்துடாதீங்க." திங்கட்கிழமை சரிசெய்து தருவதாகச் சொல்லிப் போனார். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். தொட்டிக்குள் நின்று மைக்கைப் பிடித்துப் பேசுவது அத்தானின் வழக்கம்.

நான் சொல்லப் போகாமல் இல்லை. காலையில் அவர் அறைக்குப் போய், மைக் விஷயமாக ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தேன். அவர் கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டிருந்தார். "கூட்டத்துக்கு முன்னாடி உன் கவலையை எங்கிட்ட கொண்டு வராதே. ஆண்டவர்கிட்ட கொண்டு போ." தலைமைப் போதகர் சொல்லைத் தட்டலாமா? முழங்கால் போட்டு, மைக்கை ஆண்டவர் கையில் ஒப்புக்கொடுத்தேன். அப்படி ஒரு சமாதானம் எனக்கு அதற்கு முன் வந்ததே இல்லை.

இடுப்பளவு தண்ணீரில் நின்று அத்தான் கையை நீட்டினார். கேட்டதைக் கொடுத்தேன். ஞானஸ்நானம் எடுக்க வந்த தையல்காரப் பெண் மேல்படியில்தான் நின்றாள், கால்கூட நனையவில்லை. அதைக் கிருபை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? அத்தானுக்கு அது கிடைக்கவில்லை என்றால் நான் என்ன செய்ய முடியும்? விளைவு என் கையில் இல்லையே.

அடக்க ஆராதனையில் நான்தான் பிரசங்கம் செய்தேன். அந்த மேடையில் எனக்கு அதுதான் முதல் முறை. அழாதவர் இல்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தான் கேட்டிருந்தா பூரிச்சுப் போயிருப்பாருடா" என்றாள். அப்போது நானும் நிஜமாகவே அழுதேன்.

ரப்பர் கையுறையைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். தொட்டி கழுவப் போட்டதுதான், ஐயா. கழுவி முடித்ததும் கழற்றிவிட்டேன், உண்மை. மைக்கை எடுக்கும் முன் மறுபடி மாட்டிக்கொண்டதும் உண்மை. என்னதான் கிருபை என்றாலும், நம் பங்குக்கு நாமும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டாமா?