தூங்கும் எக்ஸ் மேல் ஒரு பச்சைக் கொத்து

என் கையெழுத்து கோணலாக இருக்கும். நான்காம் வகுப்போடு நின்றவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மைசூர் டவுன் பஸ்ஸில் ஒரு மாலை, என் முன் சீட்டில் ஆராய்ச்சி படிக்கும் இரண்டு பெண்கள். கண்ணாடி போட்டவள் கத்தியே விட்டாள்.

"பொம்பளைங்க செல்லுல ரெண்டு எக்ஸ் குரோமோசோம்ல ஒண்ணு தூங்குதுல்ல? அதுமேலயே, சாயம் போட்ட ரிப்பேர் புரோட்டீன் பச்சையா கொத்தா மின்னுதுடி!"

"ஹௌதா, நிஜமாவா? டிஎன்ஏ உடைஞ்சா ஒட்டவைக்கிறதுக்குத் தூங்குறவகிட்ட என்ன வேலை?"

"அதான் தெரியல! சார் நாளைக்கு எல்லாருக்கும் காட்டச் சொல்லிட்டார்."

"ஆம்பளை செல்லுல பாத்தியா? அங்க இருக்கறது ஒரே எக்ஸ், அது தூங்காது. அங்கயும் கொத்து இருந்தா உன்னுது வெறும் சாயக் கறைதான்."

கண்ணாடிப் பெண் சீட்டைவிட்டு எழுந்துவிட்டாள்.

"அய்யோ! ஆம்பளை செல் ஸ்லைடும் ரெடியா இருந்துச்சு. சந்தோஷத்துல பாக்காமலே ஓடியாந்துட்டேன்."

"காலைல பாரு."

"அதுக்குள்ள சாயம் மங்கிடும்டி. ஹோல்டான், ஹோல்டான்!"

வண்டியை நிறுத்தி இறங்கி, லேபுக்குத் திரும்ப எதிர்ப்பக்க பஸ்ஸுக்கு ஓடினாள். தோழி சிரித்தாள். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

மறுநாளும் அதே பஸ்ஸில் ஏறினேன். தோழி முன்பே உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிப் பெண் படிக்கட்டிலிருந்தே கூவினாள்.

"ஆம்பளை செல்லுல அங்கங்க சில்லறைப் புள்ளிங்கதான்! அந்தக் கொத்து ஒண்ணுலயும் இல்ல!"

"சார் என்ன சொன்னார்?"

"இன்னும் நூறு செல் எண்ணிட்டு வாயைத் தொறக்கச் சொன்னார்."

"முதல்ல உக்காரு கணே. நானும் வந்து எண்ணுறேன்."

நான் இறங்க வேண்டிய நிறுத்தம் எப்போதோ போயிருந்தது.

ஆறு வாரம் தயங்கி எழுதியது: 14-11-1998, சனிக்கிழமை.