கடைசிக் கையெழுத்து

ரஷான்: ...அவ்வளவு பெரிய துண்டு வேணாம் கார்னெல். சின்னதா ஒண்ணு போதும்.

கார்னெல்: வருஷா வருஷம் மூணு துண்டு தின்னுட்டு எலும்பையும் நக்குற ஆளு நீ. இன்னிக்கு என்ன, வயிறு சரியில்லையா?

ரஷான்: வெயிலு. செயின்ட் லூயிஸ் ஜூலை வெயில்ல அடுப்போட நின்னு பன்னிக்கறி வாட்டுறவன் நீ ஒருத்தன்தான். முட்டி எப்படி இருக்கு?

கார்னெல்: யாரு கேக்குறது? என்கூட ஆறு வருஷம் கூடைப்பந்து ஆடின ரஷானா, டீமோட துணை மேனேஜரா?

ரஷான்: ரெண்டு பேரும்தான்.

கார்னெல்: அப்படின்னா முட்டி ஜோரா இருக்கு.

மோனிக்: நேத்து வாணவேடிக்கை பார்க்க மாடி ஏற முடியாம, ஐஸ் கட்டியைக் கட்டிட்டு சோபாவுல கிடந்தாரு.

கார்னெல்: மோனிக்...

மோனிக்: நம்ம ரஷான்கிட்ட என்ன மறைக்கிறது? நம்ம கல்யாணத்துல தேம்பித் தேம்பி அழுதவன்.

ரஷான்: கேமரா லைட்டு கண்ணுல அடிச்சுது.

மோனிக்: சரி, இப்ப கண்ணைப் பார்த்துச் சொல்லு. என் புருஷன் நாளைக்குக் கையெழுத்துப் போடுறாரா இல்லையா?

ரஷான்: நாளைக்கு... கையெழுத்து தொடங்கும். இந்த ஒரு வாரம் லீக் விதிப்படி எல்லாருக்கும் வாய்ச்சொல்தானே, கையெழுத்து கூடாது. மத்தவங்க முதல்ல போடுவாங்க. கார்னெல் கடைசியா. அப்படித்தான் பேசி வச்சது.

மோனிக்: அதான் ஏன் கடைசின்னு கேக்குறேன். வீட்டுக்காரரு சொன்னா அரைகுறையா சொல்றாரு.

ரஷான்: ஒரு டீம் மொத்தச் சம்பளமா இவ்வளவுதான் குடுக்கலாம்னு லீக் ஒரு கோடு போட்டிருக்கு. வெளியாளை எடுக்கணும்னா அந்தக் கோட்டுக்குள்ள இடம் இருக்கணும். சொந்த ஆட்டக்காரனுக்கு மட்டும் கோட்டைத் தாண்டியும் குடுக்கலாம். அதனால ட்ரேனர்னு அந்த வெளியூர் நட்சத்திர ஆட்டக்காரனை முதல்ல உள்ள கொண்டு வந்துட்டு, அப்புறமா...

கார்னெல்: அதுவரைக்கும் நான் வாயை மூடிட்டு இருக்கணும். சீட்டுல தொப்பியைப் போட்டு இடம் பிடிப்பாங்கல்ல, அந்த மாதிரி என் பேரு கோட்டுக்குள்ள கொஞ்சம் இடத்தைப் பிடிச்சுட்டு ஒரு ஓரமா கிடக்கும்.

மோனிக்: இந்த வருஷம் அந்தக் கோடுதான் எகிறிடுச்சாமே. டிவிக்காரன் அள்ளிக் கொட்டினானாம். அப்புறம் என்ன இடப் பஞ்சம்?

ரஷான்: நமக்கு மட்டும் ஏறியிருந்தா பரவாயில்ல. ஊர்ல இருக்கிற அத்தனை டீம் கையிலயும் காசு. போன வருஷம் பெஞ்சைத் தேய்ச்சவன்கூட இன்னிக்கு நட்சத்திர விலை கேக்குறான். ட்ரேனர் தனியா வரமாட்டேன்னுட்டான். அவன் கூட்டாளி ஒருத்தனையும் எடுக்கணுமாம். அவன் விலையும் ஏறிப் போச்சு. கொஞ்சம் இடம் இடிக்குது...

கார்னெல்: எவ்வளவு இடிக்குது?

ரஷான்: கொஞ்சம்தான்.

கார்னெல்: என் தொப்பி அளவுக்கா?

ரஷான்: ...சாஸ் எங்க இருக்கு?

மோனிக்: உன் முன்னாடிதான் இருக்கு.

கார்னெல்: டல்சா டீம்காரன் முதல் நாளே எனக்கு நாலு வருஷ ஒப்பந்தம் தரேன்னான், தெரியும்ல?

ரஷான்: தெரியும்.

கார்னெல்: முப்பத்துமூணு வயசு, இந்த முட்டி. இதுக்கப்புறம் எனக்கு எவனும் நாலு வருஷம் நீட்டமாட்டான். "ரஷான் வாக்குக் குடுத்திருக்கான், நான் காத்திருக்கேன்"னு சொல்லிட்டேன். அவன் அன்னிக்கே வேற ஒருத்தனை எடுத்துட்டான்.

மோனிக்: பக்கத்துல நின்னு கேட்டுட்டுதான் இருந்தேன்.

ரஷான்: மோனிக், நான்...

கார்னெல்: ட்ரேனர் வாய்ச்சொல்லை எவ்வளவு நம்புறீங்க?

ரஷான்: அவனைப் பத்தி நீ கவலைப்படாதே. அவன் நம்ம சட்டைப் பையில இருக்கான்.

கார்னெல்: சந்தோஷம். இதோ பாரு ரஷான், என்கிட்ட சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தா இப்பச் சொல்லிடு. நான் கத்தமாட்டேன். நீ சொன்னதும் நானும் உனக்கு ஒண்ணு சொல்றேன்.

ரஷான்: அதெல்லாம்... ஒண்ணும் இல்ல பெருசு. உன்னைப் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்.

கார்னெல்: நிஜமா?

ரஷான்: நிஜமா... இரு, போன். ஹலோ. ம்... ம். ஆமா, இங்கதான் இருக்கேன்... சரி. அனுப்பிடு.

மோனிக்: யாரு?

ரஷான்: பொண்ணு. நீச்சல் குளத்துல எடுத்த போட்டோ அனுப்பட்டுமான்னு கேக்குறா.

மோனிக்: பெத்த பொண்ணுகிட்ட இப்படித்தான் மொட்டையா "ம்"னு பேசுவியா?

கார்னெல்: விடு மோனிக். டேய், நிமிந்து பாரு. எதை அனுப்பச் சொன்னே? என் தொப்பியை எடுத்துட்டீங்களா?

ரஷான்: ...லீக்குக்கு ஒரு தாள். உன்மேல எங்களுக்கு இருந்த உரிமையை விட்டுட்டோம்னு.

மோனிக்: எங்க வீட்டு நாற்காலியில உக்காந்துகிட்டா?

ரஷான்: ஹோல்ப்ரூக் காலையிலேயே அனுப்பச் சொன்னாரு. மேனேஜர் அவரு, நான் என்ன பண்ண முடியும்? "நேர்ல போய்ச் சொல்லிட்டு வரேன், அதுவரைக்கும் பொறுங்க"ன்னு நான்தான் பிடிச்சு வச்சிருந்தேன்.

கார்னெல்: வந்தே. சொன்னியா?

ரஷான்: ரெண்டு தடவை வாயெடுத்தேன் கார்னெல். நீ தட்டுல கறியை வச்சுட்டே இருந்தே...

மோனிக்: ஓ, தப்பு கறி மேலயா.

கார்னெல்: இனிமே எனக்கு என்ன குடுப்பீங்க?

ரஷான்: இனி நீயும் வெளியாள் கணக்குதான். அவங்க ரெண்டு பேருக்குப் போக கோட்டுக்குள்ள ஒண்ணும் மிஞ்சாது. லீக்ல புதுப் பசங்களுக்குக் குடுக்குற அடிமட்டச் சம்பளம்... ஒரு வருஷம். அதுக்கு நான் எப்படியாவது பேசி...

கார்னெல்: வேணாம். அந்தத் தாளைத் திரும்ப வாங்க முடியுமா?

ரஷான்: முடியாது. போனா போனதுதான்.

கார்னெல்: நல்லாத் தெரியுமா?

ரஷான்: விதி அப்படி. என்னை மன்னிச்சுடு பெருசு. திட்டணும்னா திட்டு. ஆமா... எனக்கு ஏதோ சொல்றேன்னியே, என்ன?

கார்னெல்: காலையில ட்ரேனர் கூப்பிட்டான். அவனும் அவன் கூட்டாளியும் சான் டியேகோ டீமுக்குப் போறாங்களாம். ராத்திரிதான் உங்ககிட்ட சொல்வானாம். நீ கேட்டைத் திறந்தப்பவே சொல்லியிருப்பேன்டா... முதல்ல நீ வாயைத் திறப்பியான்னு பார்த்துட்டு இருந்தேன்.