செங்கல்பட்டு 6

இல்ல சார், அது மைலு தான். எம்.ஐ.எல்.ஈ.ன்னு போட்டுகீது பாருங்க. இங்கிலீஸ்ல எனக்குத் தெரிஞ்சதே அந்த நாலு எழுத்து தான். ரோட்டுக் கல்லுல வருசக்கணக்கா பிரஸ்ஸால எழுதின கை இது. பையில தொங்கவுட்டுகீறீங்களே, அந்தப் பித்தள பில்ல, ரோட்டுக்கு அந்தாண்ட நிக்கும்போதே கண்ணுல பட்டுச்சி. அதான் கிட்ட வந்தேன். தப்பா நெனச்சிக்காதீங்க.

குந்துங்க சார். அந்தக் கல்லு மேலயே குந்துங்க, புளியமரத்து நெழல்ல தானே கெடக்குது, சுடாது. ரேடியேட்டர் கொதிச்சா லேசுல ஆறாது. ஒங்க டிரைவர் தண்ணிக்கு ஏரிக்குப் போயிகீறாரு, வர்றதுக்கு அர அவுரு ஆவும். மகாபலிபுரம் எங்க ஓடிப்போவப் போவுது?

இன்னாது? லட்சம் மைலு பறந்தா ஏரோப்ளேன் கம்பெனிக்காரனே குடுக்கறதா? அடங்கப்பா! அத்த காட்டினா தனி ரூமு, சோபா, காப்பி எல்லாம் உண்டா? நல்லா இருங்க சார். நான் பொறாமைல கேக்கல. ஆனா அது லட்சம் இல்லியே. ஒரு லட்சத்தி அறுவதாயிரத்தி தொள்ளாயிரத்து சொச்சம் கிலோமீட்டரு. பாத்தீங்களா, ஒங்களுக்கே தெரில! கம்பெனிக்காரன் ஒங்கள கொறச்சில்ல போட்டுகீறான்.

சிரிங்க, சிரிங்க. இந்த ரோட்ல எல்லாரும் சிரிக்கறாங்க. கிலோமீட்டர் சடையன்னு கூப்புடறானுங்க. டீக்கடையில எவனாவது மைலுன்னு வாயத் தொறந்தா நான் சண்டைக்குப் போயிடுவேன். வீசை போச்சி, படி போச்சி, அணா போச்சி, இந்த மைலு மட்டும் ஏன்டா போவ மாட்டேங்குதுன்னு கேப்பேன். போன மாசம் ஒரு பஸ் கண்டக்டரு சட்டையவே புடிச்சிட்டேன்.

ஆகாசத்துல இன்னும் மைலு தானா? அதுவும் வேற மைலா? கப்பல்காரன் மைலு பெருசு, தரை மைலு சின்னதா? அய்யோ, ரெண்டு மைலு கீதா இந்த ஒலகத்துல! ஒண்ணுக்கே தாங்கல சார் எங்களால.

ஒங்களாண்ட ஒரே ஒரு ஒதவி தான். நீங்க லட்சம் மைலு ஆளு, நீங்க எழுதினா கம்பெனிக்காரன் படிப்பான். அந்த பில்லயில மைல எடுத்துட்டு கிலோமீட்டரு போடச் சொல்லி இங்கிலீஸ்ல நாலு வரி எழுதணும். இதுக்கு முன்ன மூணு வெள்ளக்காரங்கள கேட்டேன். ஒருத்தன் எங்கையில எட்டணா வெச்சிட்டுப் போயிட்டான். பிச்சன்னு நெனச்சிகினான் போல.

எனக்கு இன்னாத்துக்கு இந்த வேலன்னு தானே பாக்கறீங்க? சொல்றேன். நானு இந்த ரோட்ல கேங் மஸ்தூரு. குழி அடைக்கறது, மரத்துக்கு வெள்ள அடிக்கறது, கல்லுல ஊரு பேரு நம்பரு எழுதறது, எல்லாம் நாங்க தான். ஆயுத பூசை வந்தா லாரிக்காரன் லாரிக்குப் பொட்டு வெப்பான், டைலரு மிசினுக்கு வெப்பான். எங்களுக்கு இன்னா கீது? மம்முட்டி, கடப்பாற, அப்பால மைல்கல்லு. கல்லக் கழுவி, புதுசா பெயின்ட் அடிச்சி, சந்தனம் குங்குமம் வெச்சி, சாமந்தி மாலை போட்டு, பூசணிக்கா ஒடைப்போம். எங்க கேங்குக்கு ஆறாங்கல்லு. இங்க தான், இந்த மரத்தடியில தான் நின்னுகினு இருந்திச்சி. செங்கல்பட்டு ஆறு மைலு. பொட்டு வெக்கறது எம் பொண்ணு. நாலு வயசுலேந்து அது தான் வெக்கும். வேற யாரும் தொடக் கூடாது, தொட்டா ஊரக் கூட்டிடும். அது ஒசரத்துக்கு கல்லு சரியா இருக்கும். கல்லு மூஞ்சி பூரா குங்குமத்த அப்பி, சாமிக்கு கண்ணு எரியுதான்னு கேக்கும்.

அப்பால ஆர்டரு வந்துது. மைலு எல்லாம் கேன்சல், கிலோமீட்டர் கல்லு நடு, பழச பேத்து எடுன்னு. நட்டோம், பேத்தோம். அஞ்சு பேத்தாச்சி, ஏழு பேத்தாச்சி. ஆறாங்கல்லாண்ட வந்தா கடப்பாற எறங்க மாட்டேங்குது. வருசா வருசம் கற்பூரம் காட்டின கல்ல எப்பிடி சார் குத்தறது? மேஸ்திரிகிட்ட பேத்துட்டேன்னு பொய் சொல்லி வுட்டுட்டேன்.

வுட்டவன் சும்மா வுட்டேனா? மைலுன்னு எழுதினா ஆபீசர் கண்ணுல பட்டு வேல போயிடும். அதனால அந்த நாலு எழுத்த மட்டும் வெள்ளையில மறச்சிட்டு, செங்கல்பட்டு 6ன்னு மொத்தமா எழுதி வெச்சேன். அடுத்த கிலோமீட்டர் கல்லு எங்கியோ தள்ளி, யாரு பாக்கப் போறாங்கன்னு. ஒவ்வொரு பூசைக்கும் பெயின்ட் அடிச்சி பளபளன்னு வெச்சிகினேன். கில்லாடின்னு எனக்கு நானே மெச்சிகினேன் சார்.

எழுவத்தி மூணு, ஐப்பசி. நல்ல மழ. சதுரங்கப்பட்டினம் குப்பத்துலேந்து மாரின்னு ஒருத்தன், மீன் புடிக்கற பையன், பொண்டாட்டி ரத்னாவ பஸ்ஸுல இட்டாந்தான். மாசமா இருந்திச்சி. மொதல்ல ஒண்ணு தங்கல, அதனால செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில தான் பாக்கணும்னு அவன் புடிவாதம். பஸ்ஸு சரியா இங்க வந்து ஆக்சில் ஒடஞ்சி நின்னுச்சி. பொண்ணுக்கு வலி எடுத்துகிச்சி.

அதோ தெரியுதே ஓட்டு வூடு, அது சாராளம்மா வூடு. நூறு கொழந்த பாத்த கை. ஓடி வந்து, இங்கயே எறக்கு தம்பி, நான் பாக்கறேன்னு சொல்லிச்சி. மாரி கல்லப் பாத்தான். ஆறு. இப்பல்லாம் கிலோமீட்டரு தானேன்னு நெனச்சிகினான். ஒண்ணர அவுர்ல போயிடலாம்னு, சவுக்குக் கட்ட ஏத்திகினு வந்த மாட்டு வண்டிய நிறுத்தி, கட்டய எறக்கிட்டு அவள ஏத்திகினு போனான்.

ஆறுக்கு அடுத்து அஞ்சு தானே வரணும்? ஒம்போது வந்துது. சேறு அடிச்சிகினு மங்கலா ஒம்போது. மாரி பயந்துட்டான். வண்டியத் திருப்பு, அந்தம்மாகிட்டயே போயிடலாம்னு சொல்லிகீறான். அந்தப் பொண்ணு தான் வலியோட அவன் கையப் புடிச்சிகினு, ஆறு எழுதின கை தப்பா எழுதாது, நீ ஓட்டச் சொல்லுன்னு சொல்லிச்சாம்.

எட்டு வந்தப்போ தெரிஞ்சி போச்சி. திரும்பவும் முடியல, சீக்கிரம் போவவும் முடியல. மூணுன்னு போட்ட கல்லாண்ட வரும்போது உசுரு போயிடிச்சி. கொழந்தயும் தான். சார், நான் அளந்து பாத்துட்டேன், செயினு போட்டு அளந்து பாத்தேன். இங்கேந்து அந்த மூணாம் நம்பரு கல்லு ஆறு கிலோமீட்டருக்கு மேல கீது. நான் எழுதினது நெசமா இருந்திருந்தா, அந்தப் பொண்ணு அப்போ ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துகினு இருக்கும்.

மறுநாளே கல்லப் பேத்துட்டேன். ஒரே குத்து, வந்துடிச்சி. அவ்ளோ லேசா வர்ற கல்லு சார் அது. ஒடைக்கத் தான் மனசு வரல, குப்புறப் படுக்க வெச்சிட்டேன். எழுந்துக்காதீங்க, குந்துங்க. ஆமா, நீங்க குந்தினுகீறது தான். எழுத்து அடியில கீது.

அந்தப் பொண்ணுக்கு எழுதினது யாருன்னு எப்பிடித் தெரியும்னா கேக்கறீங்க? தெரியும் சார்.

தோ, ஒங்க டிரைவரும் வந்துட்டாரு. பேனா கீதா? எழுதறீங்களா? நல்லா இருப்பீங்க சார். மைலு வேணாம்னு மொதல் வரியிலயே போட்டுடுங்க. கீழ எம் பேரா? சடையன்னு போடுங்க, கேங் மஸ்தூரு. இல்ல, இருங்க. அத்த அடிச்சிடுங்க.

ரத்னாவோட நைனான்னு போடுங்க.